நான்கு மரபணுக்களை ஒரே பாதையாக இணைக்க எந்த முறை ஏற்றது?

திருவாரூர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் முதுநிலை உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. மஞ்சளில் உள்ள குர்குமின் வகைச் சேர்மத்தை ஈ. கோலை பாக்டீரியாவில் உருவாக்க நான்கு மரபணுக்களை ஒரு பிளாஸ்மிட்டில் (பாக்டீரியாவுக்குள் இருக்கும் சிறு வட்ட டிஎன்ஏ) சேர்க்க வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியர் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகளைக் (டிஎன்ஏ-வைக் குறிப்பிட்ட வரிசைகளில் வெட்டுபவை) கொண்டு பழைய முறையிலேயே செய்யச் சொல்கிறார். படித்த ஆய்வுக்கட்டுரைகளிலோ கிப்சன், கோல்டன் கேட், ஈஸ்ட் வழி இணைப்பு என்று ஆளுக்கொரு முறை இருக்கிறது. இவற்றில் எது சிறந்தது, டெல்டாவில் உள்ள ஒரு சிறிய ஆய்வகத்தில் எது நடக்கும் என்பது கேள்வி.

விடையை முதலில் சொல்லிவிட்டு விளக்கத்துக்குப் போகிறேன். முதல் சோதனைக்கு இரண்டு மரபணுக்களை மட்டும் கிப்சன் முறையிலோ, உங்கள் பேராசிரியர் சொல்லும் பழைய முறையிலோ இணைத்துக்கொள்ளுங்கள். முழுப் பாதையையும் கட்டத் தொடங்கும்போது கோல்டன் கேட் முறைக்கு வந்துவிடுங்கள். எந்த முறை வேகமாக ஒட்டுகிறது, எந்த முறையில் அதிகத் துண்டுகளைச் சேர்க்கலாம் என்ற கணக்கை வைத்தே பெரும்பாலும் இம்முறைகளை ஒப்பிடுகிறார்கள். வளர்சிதை மாற்றப் பாதையை, அதாவது ஒரு சேர்மத்தைப் படிப்படியாக இன்னொன்றாக்கும் நொதி வரிசையைக் கட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் கருத்து: கட்டி முடித்த பிறகு எந்தப் பகுதியை மாற்ற வேண்டிவரும், அதை மட்டும் கழற்றி மாற்றுவதற்கு இந்த முறை இடம் கொடுக்குமா? ஏனென்றால், முதலில் கட்டிய வடிவத்திலேயே சரியாக இயங்கும் பாதை மிக அரிது.

நீங்கள் எடுத்திருக்கும் பாதையையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம். டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியாவை நீக்கிக் கூமாரிக் அமிலமாக்குவது முதல் நொதி. அந்த அமிலத்துடன் கோஎன்சைம் ஏ-வைச் (சுருக்கமாகக் கோஏ) சேர்ப்பது இரண்டாவது. அப்படிக் கிடைக்கும் கூமாரோயில் கோஏ மூலக்கூறுகள் இரண்டையும் மலோனைல் கோஏ ஒன்றையும் சேர்த்துப் பிஸ்டெமெத்தாக்ஸி குர்குமின் என்ற மஞ்சள் நிறச் சேர்மமாக்குவது மூன்றாவது. மலோனைல் கோஏ போதாமல் போவதைச் சரிசெய்ய அசிட்டைல் கோஏ கார்பாக்சிலேஸ் என்பது நான்காவது. இதில் நம் பக்கத்து ஆட்களுக்கு மிகவும் சுவையான செய்தி ஒன்று இருக்கிறது. மஞ்சள் செடி அந்த மூன்றாவது வேலையை இரண்டு வகை நொதிகளைக் கொண்டு பிரித்துச் செய்கிறது. ஆனால் அதே வேலையை ஒரே நொதியாகச் செய்துமுடிக்கும் குர்குமினாய்டு சிந்தேஸ், நெல்லின் மரபணுத் தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹொரினோச்சி ஆய்வுக்குழு 2007-இல் அதை விவரித்தது. 2008-இல் அதே நெல் நொதியை ஈ. கோலைக்குள் வைத்து, ஃபீனைல்புரோப்பனாய்டு அமிலங்களை வெளியிலிருந்து ஊட்டி, லிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் அளவுக்குக் குர்குமினாய்டுகளைப் பெற்றது. தவிட்டு எண்ணெய் ஆலைக் கழிவிலிருந்து கிடைத்த ஃபெருலிக் அமிலத்தைக் கொடுத்தபோதும் லிட்டருக்கு 60 மில்லிகிராம் அளவில் குர்குமின் கிடைத்தது. அரிசி ஆலைகளும் தவிடும் நிறைந்த தஞ்சை, திருவாரூர்ப் பகுதியில் இருந்துகொண்டு இந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

இந்தப் பாதையில் நெருக்கடியான இடம் மலோனைல் கோஏ. பாக்டீரியா அதைத் தன் கொழுப்பு அமிலங்களைச் செய்வதற்காகவே வைத்திருக்கிறது. அதில் ஒரு பங்கைத்தான் உங்கள் நெல் நொதி கேட்டு வாங்க வேண்டும். கல்லணையில் வரும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிவதைப் போன்ற ஒரு பிரிவிடம் அது. தலைமடையில் மதகை முழுவதும் திறந்துவிட்டாலே கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம் விவசாயிகள் யாரும் நம்புவதில்லை. எந்த மதகு எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்று முறை வைத்துத்தான் பகிர்கிறார்கள். நொதிகளின் அளவும் அவ்வாறே. முதல் நொதியை மட்டும் அதிகமாக உற்பத்தி செய்தால் கூமாரிக் அமிலம் தேங்கி, அது செல்லின் வளர்ச்சியைத் தடுக்கும். நான்கையும் அதிகமாக உற்பத்தி செய்தால் புரதம் செய்வதிலேயே செல்லின் ஆற்றல் தீர்ந்துவிடும். நான்குக்கும் இடையில் எந்த விகிதம் சரி என்பதைக் காகிதத்தில் கணக்கிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. பல விகிதங்களில் கட்டிப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினின் முன்பொருளை ஈஸ்ட்டில் உருவாக்கிய வரலாறு இதற்கு நல்ல சான்று. ஜே கீஸ்லிங்கின் குழு 2006-இல் வெளியிட்ட கட்டுரையில் ஆர்ட்டிமிசினிக் அமிலம் லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவில் இருந்தது. 2013-இல் ஏமிரிஸ் நிறுவனத்தின் குழு அதையே லிட்டருக்கு 25 கிராமாக அறிவித்தது. இடையில் புதிய நொதிகளும் சேர்க்கப்பட்டன, நொதிக்கவைக்கும் முறையும் மாறியது. ஆனால் நான் மாணவர்களுக்கு எப்போதும் சுட்டிக்காட்டுவது அதில் உள்ள ஒரு சிறிய செய்தியைத்தான்: பி450 என்ற ஆக்சிஜனேற்ற நொதிக்குத் துணையாக எலக்ட்ரான் தரும் ரிடக்டேஸின் அளவை அவர்கள் வலுக்குறைந்த புரோமோட்டரைக் (மரபணுவின் வாசிப்பைத் தொடங்கிவைக்கும் வரிசை) கொண்டு குறைத்தார்கள், செல்களின் நிலை மேம்பட்டது. ஒரு நொதியைக் குறைப்பதால் கிடைக்கும் ஆதாயம் இது. புரோமோட்டரைத் தனியாகக் கழற்றி மாற்ற வசதியில்லாத ஒரு பிளாஸ்மிட்டை வைத்திருப்பவருக்கு இப்படிப்பட்ட சோதனையைச் செய்யவே மனம் வராது.

இனி முறைகளுக்கு வருகிறேன்.

உங்கள் பேராசிரியர் சொல்லும் பழைய முறை 1973-இல் கோஹனும் பாயரும் காட்டிய வழியில் வந்தது. ஈகோ ஆர்-1 போன்ற நொதி, ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறெழுத்து வரிசையைக் (ஏ, டி, ஜி, சி என்பவை டிஎன்ஏ-வின் நான்கு எழுத்துகள்) கண்டு, முதல் ஜி-க்கும் ஏ-க்கும் இடையில் வெட்டும். இரு பக்கமும் நான்கெழுத்து ஒட்டுமுனை நிற்கும். லைகேஸ் நொதி ஒட்டும். ஒரு மரபணுவுக்கு இது இன்றும் குறைவில்லாத முறை. இரண்டு மரபணுக்கள் ஏற்கும் டூயட் வகைப் பிளாஸ்மிட்டுகள் பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கும் என்பதால் இரண்டுக்கும் தாராளமாகப் போதும். மூன்று, நான்கு என்று போகும்போதுதான் சிக்கல். ஒவ்வொரு மரபணுவுக்கும் உள்ளே வெட்டாத, பிளாஸ்மிட்டில் ஒரே இடத்தில் மட்டும் வெட்டும் நொதி தேவைப்படும். அந்தப் பட்டியல் விரைவில் தீர்ந்துபோகும். ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருப்பதால், இரண்டாவது மரபணுவின் புரோமோட்டரை மாற்ற நினைத்தால் அதற்குப் பிறகு செய்த எல்லா வேலையையும் மறுபடி செய்ய நேரும்.

எம்ஐடி-யின் டாம் நைட் 2003-இல் முன்வைத்த பயோபிரிக் முறை இந்தச் சிக்கலுக்குத் தரப்படுத்தலால் விடை தேடியது. எக்ஸ்பிஏ-1, எஸ்பிஇ-1 என்ற இரு நொதிகளும் வேறு வேறு வரிசையை வெட்டினாலும் ஒரே சி-டி-ஏ-ஜி ஒட்டுமுனையை விடுகின்றன; இரண்டையும் ஒட்டினால் அந்த இடத்தை அவ்விரண்டில் எந்த நொதியும் மறுபடி வெட்டாது. எனவே எந்தப் பகுதியையும் எந்தப் பகுதியோடும் ஒரே நடைமுறையில் சேர்த்துக்கொண்டே போகலாம். அழகான சிந்தனை. ஆனால் ஒவ்வொரு மூட்டிலும் எட்டெழுத்துத் தழும்பு ஒன்று நிற்கும். டி-ஏ-சி-டி-ஏ-ஜி-ஏ-ஜி என்ற அந்தத் தழும்பில் டி-ஏ-ஜி என்ற நிறுத்தக் கோடான் (புரத உற்பத்தியை நிறுத்தும் மூன்றெழுத்துக் குறி) வேறு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு நொதிகளை ஒரே புரதமாக ஒட்ட நினைப்பவருக்கு அது வழியை அடைத்துவிடும். இன்று புதிதாகத் தொடங்குகிறவர் இந்த முறையில் தொடங்க வேண்டிய தேவை இல்லை. பாகங்களைத் தரப்படுத்த வேண்டும் என்ற அதன் எண்ணம் மட்டும் கோல்டன் கேட்டில் தொடர்கிறது.

கிப்சன் முறையை ஜே. கிரெய்க் வென்டர் நிறுவனத்தில் டேனியல் கிப்சன் 2009-இல் வெளியிட்டார். அடுத்தடுத்து வரவேண்டிய துண்டுகளின் முனைகளில் 20 முதல் 40 எழுத்து வரை ஒத்த வரிசை இருக்கும்படி பிசிஆர் (டிஎன்ஏ-வைப் பெருக்கும் முறை) பிரைமர்களிலேயே, அதாவது அதைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளிலேயே எழுதிவிடுகிறோம். எல்லாத் துண்டுகளையும் மூன்று நொதிகள் கொண்ட கலவையில் போட்டு 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். டி5 எக்சோநியூக்ளியேஸ் ஒவ்வொரு துண்டின் 5' முனையிலிருந்தும் தின்றுகொண்டே போய் ஒற்றை இழையை வெளிக்காட்டும். ஒத்த இழைகள் தாமாகவே இணைசேரும். ஃபியூஷன் பாலிமரேஸ் இடைவெளியை நிரப்பும். டாக் லைகேஸ் கடைசி இடைவெட்டை மூடும். வெப்பம் தாங்காத எக்சோநியூக்ளியேஸ் 50 டிகிரியில் மெல்லச் செயலிழந்துவிடுவதால்தான் எல்லாவற்றையும் ஒரே குழாயில் செய்ய முடிகிறது. மூட்டில் தழும்பு எதுவும் இல்லை, உள்ளே எந்த வெட்டிடம் இருந்தாலும் கவலையில்லை. ஐந்தாறு துண்டுகள் வரை நம்பிச் செய்யலாம்.

ஆனால் வளர்சிதை மாற்றப் பாதைக்கென்றே இதில் வரும் இரண்டு இடர்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, கலவை எழுத்து வரிசையை மட்டுமே பார்க்கிறது. வரிசை எங்கெல்லாம் ஒத்திருக்கிறதோ அங்கெல்லாம் சேர்த்துவிடும். நான்கு மரபணுக்களுக்கும் ஒரே டி7 புரோமோட்டரையும் ஒரே டெர்மினேட்டரையும் (மரபணுவின் வாசிப்பை முடித்துவைக்கும் வரிசை) வைத்து வடிவமைத்தால், ஒன்றாம் மரபணுவின் முனை நான்காம் மரபணுவின் முனையோடு ஒட்டி, நடுவில் உள்ள இரண்டும் காணாமல் போன பிளாஸ்மிட் கிடைக்கும். கோலனிகள் (தட்டில் வளரும் பாக்டீரியாத் திட்டுகள்) நிறைய வரும், வளர்ச்சியும் நன்றாக இருக்கும், பாதை மட்டும் இருக்காது. இரண்டாவது இடர் டெர்மினேட்டரில் இருக்கிறது. டெர்மினேட்டர் என்பதே தன்மேல் மடிந்து கொண்டையூசி வடிவம் எடுக்கும் வரிசை. அதன்மேல் ஒத்த வரிசையை அமைத்தால், வெளிப்பட்ட ஒற்றை இழை அடுத்த துண்டைத் தேடாமல் தன்னோடு தானே மடிந்துகொள்ளும். மூட்டை டெர்மினேட்டருக்கு வெளியே, மடியாத ஒரு வரிசைக்கு நகர்த்திவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்தால் மட்டுமே நேராகிவிட்ட வடிவமைப்புகள் உண்டு. 200 எழுத்துக்கும் குறைவான துண்டுகளை இந்த முறையில் வைக்காதீர்கள். ஒத்த இழை இணைவதற்குள் எக்சோநியூக்ளியேஸ் முழுவதையும் தின்றுவிடும். புரோமோட்டரும், புரதம் செய்யும் ரைபோசோம் வந்து பற்றும் ரைபோசோம் பிணைப்பிடமும் அந்த அளவுக்குச் சிறியவை என்பதை இங்கே கவனிக்க வேண்டும்: பாதையில் நீங்கள் அடிக்கடி மாற்ற விரும்பும் உறுப்புகள்தாம் கிப்சன் முறைக்கு ஒவ்வாத உறுப்புகள். அவற்றைப் பிரைமரிலேயே எழுதிச் சேர்க்கலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த மரபணுவுக்கென்றே புதிய பிரைமர் வாங்க வேண்டும்.

கோல்டன் கேட் முறையை ஜெர்மனியின் ஹாலே நகரில் எங்லர், காண்ட்சியா, மரியோனே ஆகியோர் 2008-இல் வெளியிட்டார்கள். அதில் பயன்படும் பிஎஸ்ஏ-1 நொதி, ஜி-ஜி-டி-சி-டி-சி என்ற வரிசையைக் கண்டு பற்றிக்கொள்ளும், ஆனால் வெட்டுவது அந்த வரிசைக்கு வெளியே. ஒரு இழையில் ஓரெழுத்து தள்ளியும், எதிரிழையில் ஐந்தெழுத்து தள்ளியும் வெட்டுவதால் நான்கெழுத்து ஒட்டுமுனை நிற்கிறது. அந்த நான்கு எழுத்தும் என்னவாக இருக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். வெட்டிய பிறகு நொதி பற்றிக்கொள்ளும் இடம் துண்டோடு வெளியேறிவிடுகிறது. சரியாக ஒட்டிய மூட்டில் வெட்டிடமே இல்லை என்பதால் அது மறுபடி வெட்டப்படாது. தவறிப் பழைய பிளாஸ்மிட்டோடு ஒட்டிக்கொண்டதில் வெட்டிடம் இருப்பதால் அது மறுபடி வெட்டப்படும். எனவே 37 டிகிரியில் வெட்டு, 16 டிகிரியில் ஒட்டு என்று மாறி மாறிச் சுழலவிட்டால், சுற்றுக்குச் சுற்று சரியான இணைப்பு மட்டுமே சேர்ந்துகொண்டு வரும்.

இதன் அருமை ஒரு மூட்டை மட்டும் உற்றுப் பார்த்தால் புரியும். மோக்ளோ என்ற தரப்படுத்தப்பட்ட வடிவத்தில், ரைபோசோம் பிணைப்பிடத்துக்கும் மரபணுவுக்கும் இடையில் வைக்கும் ஒட்டுமுனை ஏ-ஏ-டி-ஜி. இதில் கடைசி மூன்றெழுத்தான ஏ-டி-ஜி, புரதத்தின் தொடக்கக் கோடானே. மூட்டு தொடக்கக் கோடானின் மீதே விழுந்துவிடுவதால், பிணைப்பிடத்துக்கும் மரபணுவுக்கும் நடுவில் ஏ என்ற ஓரெழுத்தைத் தவிர வெளி எழுத்து எதுவும் புகுவதில்லை. பிணைப்பிடத்துக்கும் தொடக்கக் கோடானுக்கும் இடையே உள்ள தூரம் சில எழுத்துகள் மாறினாலே புரத அளவு பல மடங்கு மாறும் என்பதால், பாதையைச் சமன்படுத்துகிறவருக்கு இது சிறிய விஷயம் இல்லை. எல்லா மரபணுக்களும் இதே ஏ-ஏ-டி-ஜி-யில் தொடங்குவதால், ஒருமுறை செய்துவைத்த பிணைப்பிடத் துண்டு எந்த மரபணுவின் முன்னாலும் போய்ப் பொருந்தும். புதிய பிரைமர் தேவையில்லை.

ஒட்டுமுனைகளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். நான்கெழுத்தில் மொத்தம் 256 ஒட்டுமுனைகள் சாத்தியம். அவற்றில் ஏ-ஏ-டி-டி போலத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்பவை 16. அவற்றை முதலிலேயே விலக்குங்கள். மீதமுள்ள 240-உம் ஒன்றுக்கொன்று எதிரிணையாக 120 இணைகள். ஒரே எழுத்து மட்டும் வேறுபடும் இரண்டு முனைகளை ஒரே கலவையில் வைத்தால், ஜி-க்கு எதிரே டி வந்து உட்காருவது போன்ற தவறான ஒட்டுகளை லைகேஸ் சில சமயம் ஏற்றுக்கொள்ளும். நியூ இங்கிலாந்து பயோலேப்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் எந்த முனை எதனோடு எவ்வளவு தவறாக ஒட்டுகிறது என்பதை எல்லா இணைகளுக்கும் அளந்து, 2018 முதல் வெளியிட்டிருக்கிறார்கள். அந்த அளவீடுகளைக் கொண்டு தேர்ந்தெடுத்த முனைகளால் 2022-இல் ஏறத்தாழ 40,000 எழுத்து நீளமுள்ள டி7 வைரஸின் மரபணுத் தொகுதியையே 52 துண்டுகளிலிருந்து ஒரே வினையில் சேர்த்துக் காட்டினார்கள். உங்களுக்குத் தேவைப்படுவது பத்துக்கும் குறைவான மூட்டுகள். வெளியிடப்பட்ட தொகுப்புகளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், சொந்தமாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இந்த முறை கேட்கும் விலை ஒன்று உண்டு. மரபணுவின் உள்ளே பிஎஸ்ஏ-1 வெட்டிடம் இருக்கக் கூடாது. ஆறெழுத்து வரிசை ஒன்று சராசரியாக 4,096 எழுத்துக்கு ஒருமுறை வரும். இந்த வரிசையை இரு இழைகளிலும் தேட வேண்டியிருப்பதால் 2,048-க்கு ஒன்று. உங்கள் நான்கு மரபணுக்களும் சேர்ந்து 6,000 எழுத்து என்று வைத்துக்கொண்டால் சராசரியாக மூன்று இடங்கள் வெட்டுப்படும் என்று எதிர்பார்க்கலாம். செயற்கையாகத் தயாரித்து வாங்கும் மரபணுவானால், அமினோ அமிலம் மாறாமல் கோடானை மாற்றி, அந்த இடங்களை நீக்கித் தரும்படி வடிவமைப்பிலேயே கேட்டுவிடலாம். அடுத்த நிலை இணைப்புக்குப் பயன்படும் நொதியின் வெட்டிடங்களையும் அப்போதே சேர்த்து நீக்கச் சொல்லுங்கள். இதை விட்டுவிட்டுப் பிறகு திண்டாடுகிறவர்கள் பலர்.

இப்போது பலனைக் கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு மரபணுக்கள் ஒவ்வொன்றையும் வலுவான, நடுத்தரமான, வலுக்குறைந்த என்று மூன்று பிணைப்பிடங்களோடு கட்ட நினைத்தால், கிடைக்கக்கூடிய பாதைகள் மூன்றின் நான்காம் அடுக்கு, அதாவது 81. கோல்டன் கேட்டில் முதல் நிலையில் 12 தனி அலகுகளைச் (புரோமோட்டர், பிணைப்பிடம், மரபணு, டெர்மினேட்டர் சேர்ந்தது ஓர் அலகு) செய்துவைத்தால், இரண்டாம் நிலையில் அவற்றிலிருந்து 81-ஐயும் பெறலாம். ஒவ்வோர் இடத்துக்குமான மூன்று அலகுகளையும் ஒரே குழாயில் கலந்து, வரும் கோலனிகளிலிருந்து பொறுக்கிக்கொள்ளவும் செய்யலாம். நிலைக்கு நிலை எதிருயிரி எதிர்ப்பு மாறுவதால், முந்தைய நிலைப் பிளாஸ்மிட் அடுத்த தட்டில் வளராது. குர்குமினாய்டுகள் மஞ்சள் நிறம் கொண்டவை என்பதால், முதல் சலிப்புக்குக் கண்ணே போதும். இந்த வசதி எல்லாப் பாதைக்கும் கிடைப்பதில்லை.

ஈஸ்ட் வழி இணைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பேக்கர்ஸ் ஈஸ்ட்டுக்குள் ஒத்த முனைகள் கொண்ட துண்டுகளைச் செலுத்தினால் அதுவே சேர்த்துக்கொள்ளும். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹுயிமின் ஜாவோவின் குழு 2009-இல் எட்டு மரபணுக்கள் கொண்ட, ஏறத்தாழ 19,000 எழுத்து நீளமுள்ள பாதையை இவ்வழியில் ஒரே படியில் கட்டியது. வென்டர் நிறுவனம் 2010-இல் பத்து லட்சம் எழுத்துக்கும் மேற்பட்ட பாக்டீரிய மரபணுத் தொகுதியைச் சேர்த்ததும் ஈஸ்ட்டுக்குள்தான். உங்கள் பாதை கடைசியில் ஈஸ்ட்டில் இயங்க வேண்டுமென்றால் இது முதல் தேர்வாக இருக்கலாம். ஈ. கோலைக்குக் கொண்டுபோக வேண்டியதற்கு இது சுற்று வழி.

நெல்லிலேயே இப்படிப்பட்ட பாதைகளைக் கட்டலாமே என்று டெல்டாவில் உள்ள மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கட்டியிருக்கிறார்கள். 2000-இல் வெளியான முதல் பொன்னரிசி, டாஃபோடில் செடியின் மரபணுவையும் ஒரு பாக்டீரிய மரபணுவையும் கொண்டு அரிசி மணியில் பீட்டா கரோட்டினை உருவாக்கியது. அதில் கரோட்டினாய்டு அளவு கிராமுக்கு 1.6 மைக்ரோகிராம். 2005-இல் டாஃபோடில் மரபணுவுக்குப் பதில் மக்காச்சோள மரபணுவை வைத்தபோது அது 37 மைக்ரோகிராம் வரை உயர்ந்தது. பெரும்பாலும் ஒரு பாகத்தை மாற்றியதன் விளைவு அது. மக்காச்சோளம் போலத் திறம்பட ஒளிச்சேர்க்கை செய்யும் நெல்லை உருவாக்க முயலும் சி4 நெல் திட்டத்தில் 2021-இல் மக்காச்சோளத்தின் ஐந்து நொதி மரபணுக்களை ஒரே கட்டமைப்பில் கோல்டன் கேட் வழியாக இணைத்து நெல்லுக்குள் செலுத்தினார்கள். நொதிகள் செயல்பட்டன, ஆனாலும் நெல் சி4 பயிராகிவிடவில்லை, இலையின் உள்ளமைப்பு உட்பட இன்னும் பல மாற வேண்டியிருக்கிறது. தாவரத்தில் ஒரு வடிவத்தைச் சோதிக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால், முதலில் பாக்டீரியாவில் பழகுவதே நல்லது.

நம் ஊர் நிலைமைக்கு வருகிறேன். நொதிகள் பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ பனிக்கட்டிப் பெட்டியில் வர வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் பார்சல் ஓர் இரவு தாமதமானாலும் பெட்டிக்குள் குளிர் நிற்காது. இந்த வகையில் கோல்டன் கேட்டின் ஒவ்வொரு வினைக்கும் தேவையானவை இரண்டே நொதிகள் என்பது பெரிய வசதி. இங்கே முதலில் கெட்டுப்போவது பெரும்பாலும் லைகேஸ் பஃபர்தான். அதிலுள்ள ஏடிபி, உறைந்து உருகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிதைகிறது. வந்த அன்றே சிறு சிறு குழாய்களாகப் பிரித்து வைத்துவிட்டால் பல மாதத்துக்குக் கவலையில்லை. கிப்சன் கலவையை விலை கொடுத்து வாங்க முடியாவிட்டால் ஆய்வகத்திலேயே தயாரிக்கலாம்; பிஇஜி-8000, டிரிஸ், மெக்னீசியம் குளோரைடு, டிடிடி, நான்கு நியூக்ளியோடைடுகள், டாக் லைகேஸுக்கான என்ஏடி ஆகியவற்றால் ஆன பஃபரின் செய்முறை வெளியாகியிருக்கிறது; மூன்று நொதிகளையும் தனித்தனியே வாங்கிச் சேர்த்தால் செலவு வெகுவாகக் குறையும்.

மின்வெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் நொதிகளைக் காப்பாற்ற முடியாமல் போகலாம், பாகங்களைக் காப்பாற்ற முடியும். செய்துமுடித்த ஒவ்வொரு பிளாஸ்மிட்டிலும் ஒரு சொட்டை வடிதாளில் விட்டு உலர்த்தி, பெயரெழுதி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி, வேறொரு கட்டடத்தில் வையுங்கள். உலர்ந்த டிஎன்ஏ அறை வெப்பத்திலேயே நெடுநாள் இருக்கும். தாளின் துண்டைத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி பாக்டீரியாவுக்குள் செலுத்திக்கொள்ளலாம்.

எந்த முறையில் இணைத்தாலும் சரிபார்ப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். மூட்டுகளைத் தாண்டிப் பிசிஆர் செய்து, ஜெல்லில் பட்டை சரியான உயரத்தில் தெரிந்தால் இணைப்பு நடந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். பிசிஆரில் பெருக்கிய மரபணுவின் நடுவில் ஓரெழுத்து மாறியிருந்தால் அந்தப் பட்டை அதைக் காட்டாது. முழுப் பிளாஸ்மிட்டையும் நானோபோர் முறையில் வரிசைப்படுத்தித் தரும் சேவைகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. முதல் நிலைப் பாகங்களை அப்படி முழுமையாகப் படித்துவிட்டால், மேல்நிலை இணைப்புகளில் பிசிஆரே இல்லாததால் புதிய பிழை நுழையும் வாய்ப்பு மிகக் குறைவு. பொறுக்கிய கோலனிகள் எல்லாவற்றிலும் ஒரே மரபணுவின் புரோமோட்டர் பகுதி மட்டும் சிதைந்திருந்தால், இணைப்பு முறையின் மேல் பழிபோடாதீர்கள். அந்த மரபணு அந்த அளவில் செல்லுக்கு நஞ்சாகிறது, சிதைந்ததை வைத்திருந்த செல்கள் மட்டுமே பிழைத்திருக்கின்றன என்பதே பெரும்பாலும் காரணம். வலுக்குறைந்த புரோமோட்டருக்கோ, தூண்டினால் மட்டும் இயங்கும் புரோமோட்டருக்கோ மாறுங்கள்.

உங்கள் வேலைத்திட்டத்தை இப்படி அமைத்துக்கொள்ளலாம். இரண்டாம் நொதியையும் நெல்லின் குர்குமினாய்டு சிந்தேஸையும் மட்டும் ஒரு டூயட் பிளாஸ்மிட்டில் சேர்த்து, கூமாரிக் அமிலத்தை வெளியிலிருந்து ஊட்டி, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பாருங்கள். இதற்கு உங்கள் பேராசிரியரின் முறையே போதும், அவருடைய அனுபவமும் கைகொடுக்கும். எத்தில் அசிட்டேட்டில் பிரித்தெடுத்து 420 நானோமீட்டர் அருகே எச்பிஎல்சி-யில் (கலவையில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி) அளவிடுங்கள். கார வளர்ப்புக் கரைசலிலும் வெளிச்சத்திலும் குர்குமினாய்டுகள் சிதையும் என்பதால் அமிலத்தன்மையைக் கவனித்து, குடுவையைத் தாள் சுற்றி மூடிவையுங்கள். அந்த இரண்டும் இயங்குவது உறுதியான பிறகு, நான்கு மரபணுக்களையும் கோல்டன் கேட் பாகங்களாக மாற்றி, 12 அலகுகளைச் செய்து, வகைகளைக் கட்டுங்கள். மஞ்சள் தெரியாத வகைகளில் கூமாரிக் அமிலம் தேங்கியிருக்கிறதா என்றும் அளவிடுங்கள். தேங்கியிருந்தால் மாற்ற வேண்டியது பின்னால் உள்ள நொதிகளின் பிணைப்பிடம், தேங்கவில்லையென்றால் முதல் நொதியின் பிணைப்பிடம்.

இதற்கெல்லாம் முன்பாக ஒரு வேலை இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-இல் வந்த விதிகளின்படி, மரபணு மாற்றிய உயிரிகளோடு செய்யும் வேலைக்கு உங்கள் நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவிடம் தகவல் தர வேண்டும் அல்லது ஒப்புதல் பெற வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்தக் குழு இல்லையென்றால், குழு உள்ள பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து செய்ய வழியிருக்கிறதா என்று பேராசிரியர் மூலம் கேளுங்கள். வளர்ப்புக் கரைசல் எதையும் ஆட்டோகிளேவ் (உயர் அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்யாமல் தொட்டியில் ஊற்றாதீர்கள். நம் பகுதியில் கட்டடத்துச் சாக்கடை போய்ச் சேர்வது பெரும்பாலும் ஒரு பாசன வாய்க்காலில், அதன் அடுத்த மடை யாரோ ஒருவருடைய நாற்றங்காலில். குழு கூடி முடிவு சொல்லச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். மரபணு வரிசைகளில் வெட்டிடங்களைத் தேடி நீக்குவதும், ஒட்டுமுனைகளைத் தேர்ந்தெடுப்பதும் கணினியிலேயே முடியக்கூடியவை, அந்த இடைவெளியில் செய்துகொள்ளலாம்.